வேன் ஓட்டுகிறேன்

— முடிவு முடிவுதாம்மா. குழு கூடிப் பேசி, கையெழுத்தும் போட்டாச்சு. இனிமே நானே நினைச்சாலும் மாத்த முடியாது.

— மாத்தச் சொல்லி வரலை தம்பி. எங்க வகுப்புக்கு உங்க அறக்கட்டளை உதவி ஏன் கிடைக்கலைன்னு மட்டும் சொல்லுங்க. அடுத்த இடத்துலயாவது அந்தத் தப்பைப் பண்ணாம இருப்பேன்.

— நடைமுறைப்படி நாங்க காரணம் சொல்றதில்லை.

— கடுதாசியிலயும் அதான் போட்டிருந்தீங்க. கடுதாசிக்கு வாய் கிடையாது, உங்களுக்கு இருக்கேன்னு கிளம்பி வந்தேன்.

— நல்லாப் பேசுறீங்க. சரி, உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உட்காருங்க. வாசல்ல நிக்கிற மஞ்சள் வேன் உங்களுதா?

— என்னுது எங்க, பள்ளிக்கூடத்துது. ஓட்டுறது நான். பிள்ளைங்களை இறக்கிவிட்டுட்டு நேரா வர்றேன். வழியை மறிச்சு நிறுத்திட்டேனா?

— இருக்கட்டும், எங்க மேலாளர் கிளம்பிட்டார். உங்க விண்ணப்பத்தை எடுக்கிறேன், இருங்க... ம், இதோ. பத்தாம் வகுப்புல தவறிட்டு நின்னுபோன பிள்ளைங்களுக்கு மாலை வகுப்பு. இதுதானே?

— அதேதான். தையல்கடை மாடியில நடக்குது.

— உண்மையைச் சொல்லணும்னா, நல்ல திட்டம். தலைப்பைப் பார்த்துட்டு நானே முதல் கட்டுல மேல வச்சேன். உள்ள புரட்டினா ஒண்ணுமே இல்லையேம்மா.

— எல்லாக் கட்டத்தையும் நிரப்பினேனே.

— நிரப்பினீங்க. "இந்த வகுப்பால் சமூகத்தில் ஏற்பட்ட மாற்றம் என்ன?" அதுக்கு அரைப் பக்கம் இடம் விட்டிருக்கோம். நீங்க என்ன எழுதினீங்கன்னு ஞாபகம் இருக்கா?

— ஏதோ எழுதினேன்.

— "பரவாயில்லை."

— பொய் இல்லையே தம்பி.

— பொய்யின்னு சொல்லலை. அடுத்த கேள்வி, "இதில் உங்கள் பங்கு என்ன?" அதுக்கு "வேன் ஓட்டுகிறேன்"னு எழுதியிருக்கீங்க. வகுப்புக்கும் வேனுக்கும் என்னம்மா சம்பந்தம்? குழுவுல ஒருத்தர், இவங்க டீசல் செலவுக்குக் கேக்குறாங்க போலன்னு நினைச்சுட்டார்.

— அடக் கடவுளே. டீசல் பள்ளிக்கூடமே போட்டுடுது.

— அதுவா இப்போ விஷயம்? வேன் ஓட்டுற நீங்க எப்படி வகுப்பு ஆரம்பிச்சீங்க, அதைச் சொல்லுங்க.

— சும்மாதான். நாலஞ்சு பிள்ளைங்க இருந்தாங்க, மாடி காலியா இருந்துது. காலேஜ்ல படிக்கிற பசங்க ரெண்டு பேர் வந்து கணக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. அப்படியே வளர்ந்துடுச்சு.

— தானா வளர்ந்துடுச்சா?

— நான் என்னத்தைச் செஞ்சேன்? படிக்கிறது அவங்க, பாஸாகுறது அவங்க.

— இப்படி எழுதினா யாரும்மா கொடுப்பாங்க? கோவிச்சுக்காதீங்க.

— கோவம் எதுக்கு, உங்க மேல தப்பே இல்லை. எனக்கு வேற கவலை. தையல்கடைக்காரர் மருமகன் மாடியில கடை வைக்கப் போறாராம். இந்த மாசத்தோட காலி பண்ணணும். வேற இடம்னா வாடகை கேப்பாங்க. பரீட்சை கிட்ட வந்துடுச்சு. ஒரு தடவை தோத்த பிள்ளையைத் திரும்பப் புத்தகத்து முன்னாடி உட்கார வைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். இப்போ உட்கார இடமும் இல்லைன்னா பாதிப் பேர் அப்படியே போயிடுவாங்க.

— இதை ஏன் எழுதலை?

— நம்ம கஷ்டத்தை அடுத்தவங்க தலையில கட்டுற மாதிரி இருந்துது.

— விண்ணப்பம்னு ஒண்ணு இருக்கிறதே அதுக்குத்தானேம்மா.

— அது கிடக்கட்டும். யாருக்குக் கிடைச்சுதுன்னு சொல்லலாமா? அதுவும் நடைமுறையில இல்லையா?

— அதைச் சொல்லலாம், நாளைக்குப் பலகையில ஒட்டத்தான் போறோம். பொண்ணுங்க கால்பந்துக் குழு ஒண்ணு. ரயில் பாதைக்குப் பின்னாடி மைதானத்துல ஆடுறாங்க.

— விசில் மாஸ்டர் குழுவுக்கா? கிடைச்சுடுச்சா? அப்பாடா. இனிமே அந்தப் பொண்ணுங்க ஒரு ஜோடி பூட்ஸை மாத்தி மாத்திப் போட்டு ஆட வேண்டாம்.

— அவங்களைத் தெரியுமா?

— எங்க தெருதான். அவங்க பந்து எங்க ஜன்னல்ல வந்து விழாத வாரமே கிடையாது. தங்கமான மனுஷன். வாயிலேர்ந்து விசிலை எடுத்தார்னா மட்டும் பேச்சு வராது.

— பேச்சு வராதவரா? அவர் விண்ணப்பத்தைப் படிச்சா அப்படித் தெரியலையே. காரணம் கேட்டீங்கல்ல, இதுதான் காரணம். இப்படி எழுதணும்மா. கேளுங்க.

— படிங்க.

— "எங்கள் கோல்கீப்பருக்கு வீட்டில் நான்கு அண்ணன்கள். அந்த வீட்டில் அவள் குரலை யாரும் கேட்டதில்லை. மாஸ்டரே ஆரம்பத்தில் அவளுக்குப் பேச வராது என்று நினைத்துச் சைகையில் சொல்லிக்கொண்டிருந்தார். இன்று பந்து வரும்போது அவள் போடும் சத்தத்தில் ரயிலில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். இப்போதெல்லாம் வீட்டிலும் அவள் நில் என்றால் அண்ணன்மார் நிற்கிறார்கள்." எப்படி?

— அந்தப் பொண்ணு அப்படித்தான்.

— எங்க தலைவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார்ம்மா. அப்புறம் மறுபேச்சே இல்லை. நான் சொல்றது என்னன்னா, மாஸ்டர் எழுதலைன்னா யாரோ எழுதிக் கொடுத்திருக்காங்க. யாருன்னு விசாரிங்க. கையைக் காலைப் பிடிச்சாவது உங்க வகுப்புக்கும் எழுதி வாங்குங்க.

— அதை எழுதினவதான் எங்களுக்கும் எழுதினா தம்பி. எழுதின லட்சணத்தை இப்போதான் படிச்சீங்களே, "பரவாயில்லை"ன்னு.

— நீங்களா?

— மாஸ்டர் வந்து நின்னார். பத்து வரி எழுதுங்கன்னா ஊரை விட்டே ஓடிடுவார், பாவம். சாயங்காலம் சாயங்காலம் மைதானத்துல போய் உட்கார்ந்து, ஒவ்வொரு பொண்ணுகிட்டயும் பேசி எழுதினேன்.

— நீங்களும் இதே உதவிக்குத்தான் கேக்குறீங்கன்னு அவருக்குத் தெரியுமா?

— தெரியாது. சொல்லியிருந்தா அந்த மனுஷன் கேட்டிருக்கவே மாட்டார். உங்க அறிவிப்பையே நான்தான் அவர்கிட்டக் காட்டினேன். பேப்பர்ல ஒரு மூலையில, பழைய பைக் விற்பனைக்குக் கீழ, எறும்பு மாதிரி எழுத்துல போட்டிருந்தீங்க.

— உங்க தலையில நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டீங்களேம்மா.

— அந்தப் பொண்ணுங்களுக்குக் கிடைச்சா அது மண்ணா?

— இன்னும் யாருக்கெல்லாம் எழுதியிருக்கீங்க?

— கேட்டவங்களுக்கெல்லாம். பேக்கரிக்காரர் பொண்ணு நர்ஸிங் படிக்க உதவித்தொகை, தபால்காரர் பையனுக்கு விடுதிக் கட்டணம், காது கேக்காத பிள்ளைங்க படம் வரையிற கூடம். பள்ளிக்கூட மணி அடிக்கிற வரைக்கும் வேன்ல சும்மாதானே உட்கார்ந்திருக்கேன். ஸ்டீயரிங் மேல அட்டையை வச்சுக்குவேன்.

— அந்தப் படக்கூடத்துக்கு வருஷா வருஷம் நாங்கதான் கொடுக்கிறோம். உங்க பின்னாடி மாட்டியிருக்கிறது அவங்க வரைஞ்ச படம்.

— வரும்போதே பார்த்தேன். கொஞ்சம் சாஞ்சிருக்கு, நேராக்கி மாட்டுங்க.

— அம்மா, இந்த நாற்காலியில உட்கார்ந்து எத்தனையோ பேரைப் பார்த்தாச்சு. பக்கத்துல இருக்கிறவன் பார்த்துடுவானோன்னு கையை வச்சு மறைச்சு எழுதுவாங்க. உண்மையைச் சொல்லணும்னா, உங்களை மாதிரி ஒருத்தரை நான் பார்த்ததில்லை. எழுந்து நின்னு கும்பிடலாம் போல இருக்கு.

— நீங்க வேற, உட்காருங்க தம்பி. யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க.

— ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ஊருக்கெல்லாம் அப்படி எழுதுற கை, உங்களுக்குன்னா ஏன் ஒரு வார்த்தையில நின்னுடுது?

— கூசுது. அந்தப் பொண்ணைப் பத்தின்னா எவ்வளவு வேணும்னாலும் சொல்லுவேன், அத்தனையும் கண்ணால பார்த்தது. நான் அதைச் செஞ்சேன், நான் இதைச் செஞ்சேன்னு எழுதினா எனக்கே சகிக்கலை. ஒவ்வொண்ணா அடிச்சிட்டே வந்தா கடைசியில "பரவாயில்லை" மட்டும்தான் மிஞ்சுது.

— சரி. இங்க முடிஞ்சது முடிஞ்சதுதான். ஆனா வேற ஒரு அறக்கட்டளை இருக்கு. இந்த மாதிரி வகுப்புங்களுக்கு இடம் பிடிச்சுக் கொடுத்து வாடகையும் அவங்களே கட்டுவாங்க. நாளைக்குக் கடைசி நாள்.

— தெரியும் தம்பி. படிவம் வேன்லதான் கிடக்குது. அங்கேயும் அதே கேள்வி கேக்குறாங்க, உங்கள் பங்கு என்னன்னு. அதுலயே நிக்குது.

— அதை அப்புறம் எடுத்துட்டு வாங்க, முதல்ல வெள்ளைத்தாள்ல எழுதிப் பார்ப்போம். அவங்க முடிவுல எனக்கு ஒரு பங்கும் கிடையாது, நான் கூட உட்கார்ந்தா யாரும் குறை சொல்ல முடியாது. பேனா என் கையில இருக்கட்டும், நீங்க சொன்னாப் போதும்.

— சொல்றதுக்கும் வாய் வராதே.

— வரும். ஒரே ஒரு நிபந்தனை, "நான்"ங்கிற வார்த்தை வரக்கூடாது. விசில் மாஸ்டர் வந்த மாதிரி யாரோ உங்ககிட்ட வந்து, எங்க தெருவுல ஒரு பொம்பளை வகுப்பு நடத்துறாங்க, அவங்களுக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கன்னு நிக்கிறாங்க. நீங்கதான் யார் கேட்டாலும் இல்லைன்னு சொல்ல மாட்டீங்களே.

— விளையாடுறீங்களா தம்பி.

— இல்லைம்மா. பிள்ளைங்களுக்கு இடம் வேணுமா வேண்டாமா?

— வேணும்.

— அப்போ அந்தப் பொம்பளை யாரு, என்ன பண்றாங்க? கண்ணால பார்த்ததை மட்டும் சொல்லுங்க.

— தண்ணி கொஞ்சம் கொடுங்க. ம்... எழுதிக்குங்க. "எங்கள் தெருவில் ஒருத்தி பள்ளி வேன் ஓட்டுகிறாள். காலையில் நிறுத்தத்தில் ஒரு பிள்ளையைக் காணவில்லை என்றால், சாயங்காலம் அந்த வீட்டு வாசலில் போய் நிற்பாள். பிள்ளை புத்தகத்தோடு மாலை வகுப்புக்குக் கிளம்பி வெளியே வரும் வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டாள்."