எண்பத்திரண்டு கிலோ

எடை பார்க்கும் கருவியைக் கம்பளத்தின் மேல் வைக்கக் கூடாது, ஐயா. வெறும் தரையில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முள் சரியாக நிற்காது. இதய நோய்ப் பிரிவு நர்ஸ் நஜாஹ் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது.

என் தம்பி கலஃபின் இதயம் பலவீனமாகி, உடம்பில் தண்ணீர் தங்க ஆரம்பித்திருந்தது. தினமும் காலையில் தேநீருக்கு முன் எடை பார்த்து நோட்டில் எழுத வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் நஜாஹுக்குப் போன் செய்ய வேண்டும். அவள் மாத்திரையைக் கூட்டுவாள். சர்க்கரை நோய் கலஃபின் பார்வையை வாங்கிவிட்டதால் முள்ளைப் படிப்பது என் பொறுப்பு. அவன் மனைவி இறந்துவிட்டாள். மகள் தூரத்து ஊரான அகபாவில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கரக் ஊரில் எங்கள் வீட்டில் நாங்கள் இருவர்தான்.

"பெரியவரே, இவ்வளவு ஒழுங்கா யாரும் நோட்டு வச்சதில்ல" என்பாள் நஜாஹ்.

"அண்ணன் கையெழுத்தப் பாத்தே என் வியாதி பயந்துடும்மா" என்பான் கலஃப்.

இரண்டு வருடம் ஒரு நாள் தவறவில்லை.

என் ஒரே மகன் ஹஸ்ஸாவை லாரி ஏற்றிக் கொன்றவன் சிறையில் இருந்தான். சென்ற வசந்தத்தில் அவனுடைய குலத்தார் நாற்பது பேர் மன்னிப்புக் கேட்டு வந்தார்கள். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வந்தவர்கள் முன் காப்பி வைக்கப்படும். கேட்டது கிடைக்கும்வரை அவர்கள் தொடமாட்டார்கள். வீட்டு மூத்தவன் 'குடியுங்கள்' என்றால் மன்னித்தாயிற்று. நான் சொல்லப்போவதில்லை. காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

அப்போது என் பக்கத்திலிருந்து கலஃப் சொன்னான்: "குடிங்கப்பா. எங்க வீட்டுக் காப்பி ஆறக் கூடாது."

எல்லாரும் குடித்தார்கள். வந்தவர்கள் முன் தம்பியை மறுத்தால் வீடு இரண்டாகிவிடும். ஆகவே வாயைத் திறக்கவில்லை. லாரிக்காரன் அந்த மாதமே வெளியே வந்தான்.

மறுநாள் காலை கருவியின் மேல் நின்றுகொண்டே கலஃப் கேட்டான். "கோவமா அண்ணே? ஒரு பிள்ள மண்ணுக்குள்ள போயிட்டான். இன்னொருத்தன உள்ள வச்சு என்ன பண்ணப்போறோம்?"

"எனக்கென்ன கோவம்" என்றேன். எண்பத்திரண்டு காட்டியது. எண்பத்திரண்டு என்று எழுதினேன்.

அடுத்த வாரம் முள் எண்பத்துநான்கில் நின்றது. அன்றும் எண்பத்திரண்டு என்றேன். சொல்வதற்குச் சுலபமாக இருந்தது.

"அப்ப வெள்ளிக்கிழம மன்சஃப் சாப்பிடலாமா?" என்றான். உப்பிட்டுக் காயவைத்த தயிர்க்கட்டியைக் கரைத்துச் சமைக்கும் அந்த ஆட்டுக்கறியை நஜாஹ் தடுத்திருந்தாள்.

"எடை ஏறல இல்ல? கொஞ்சம் சாப்பிடு."

நஜாஹ் சொன்ன அடையாளங்கள் ஒவ்வொன்றும் கலஃபுக்கு மனப்பாடம். கணுக்காலைத் தானே அழுத்திப் பார்த்தான், குழி விழுந்தது. "செருப்பு வார் பத்தல அண்ணே. மூச்சு முட்டாமப் படுக்க இப்ப மூணு தலையணை வேண்டியிருக்கு. நல்லாப் பாரு, எவ்வளவு?"

"எண்பத்திரண்டு."

"அப்ப தண்ணி இல்ல. கிழவனாயிட்டேன், அவ்வளவுதான்."

நஜாஹ் போன் செய்தபோது, பக்கத்தில் கலஃப் பேசுவது கேட்டு, "உங்க தம்பி குரல் ஏன் இழுக்குது?" என்றாள். அவன் போனை வாங்கி, "கவலப்படாதம்மா, எங்கண்ணன் பாத்துக்கறாரு. ஒரு கிலோகூட ஏறல" என்றான்.

தன் உடம்பு சொன்னதைவிட நான் சொன்னதை அவன் நம்பினான். இவ்வளவு நம்புகிறவன் அன்று சபையில் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அறுபது வருடம் என் தட்டில் கைவைத்துச் சாப்பிட்டவன், ஐயா. என் மகனின் இரத்தத்தை அந்நியர்களுக்கு ஒரு மிடறு காப்பியாக ஊற்றிக் கொடுத்துவிட்டான்.

நான் அவன் மேல் கைவைக்கவில்லை. மாத்திரையை மறைக்கவில்லை, நேரத்துக்குக் கொடுத்தேன். நோட்டு உங்களிடம் இருக்கிறது; அதில் அடித்தல் திருத்தல் எதுவும் இருக்காது.

கடைசிக் காலையில் கருவி தொண்ணூற்றொன்று காட்டியது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. பேச மூச்சில்லாமல் புருவத்தை உயர்த்திக் கேட்டான். எண்பத்திரண்டு என்றேன். என் தோளைத் தட்டிவிட்டுப் போய்ச் சாய்ந்தான். மதியத் தொழுகை அழைப்புக்கு முன் முடிந்துவிட்டது.

அவன் பயமில்லாமல் போனான். மூத்தவனாக என் கடமையில் நான் குறை வைக்கவில்லை.