நிறுத்தங்கள்: பூஜ்யம்

காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்துவிடுகிறேன். எங்கள் குடியிருப்பில் ஆறரை வரைதான் குழாயில் தண்ணீர் வேகமாக வரும், அதனால் முதலில் குளியல். பிறகு கதவில் தொங்கும் பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்துக் காய்ச்சி, காபி போட்டு, நின்றபடியே குடிக்கிறேன். சட்டைக்கு இஸ்திரி போடுகிறேன். ஏழு பத்துக்குக் குன்றத்தூரிலிருந்து காரை எடுத்தால் எட்டு மணிக்குள் ஒரகடம் அலுவலகத்தில் இருப்பேன். மனைவி இறந்து ஐந்து மாதம் ஆகிறது. இந்த நேரங்களில் எதுவும் மாறவில்லை.

விசாரணை அதிகாரியான உங்களுக்கு இதை எழுதுகிறேன். டிசம்பரில் என்னை மூன்று முறை அழைத்தீர்கள். மரியாதையாக நடத்தினீர்கள். கடைசி நாளில் உங்களுக்கு வந்த டீயை என் பக்கம் நகர்த்தி வைத்தீர்கள். கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். விபத்து நடந்தபோது வண்டியில் விளக்கு எரிந்ததா என்று கேட்டீர்கள். எரிந்தது, பச்சையாக எரிந்தது என்றேன். அது உண்மை. ஏன் பச்சையாக எரிந்தது என்று நீங்கள் கேட்கவில்லை.

என் பெயர் உதயசூரியன். வயது முப்பத்து நான்கு. மின்சாரப் பந்தயக் கார்களுக்கான ஒரு தொடர் போட்டிக்குத் தலைமைச் செயல் அலுவலர். ஆறு அணிகள், பன்னிரண்டு வண்டிகள், ஆண்டுக்கு ஐந்து சுற்றுகள். இந்த நாற்காலிக்கு எப்படி வந்தேன் என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

படித்தது எலக்ட்ரிக்கல். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கார் கதவுகளுக்குத் தகடு அடிக்கும் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். பிரஸ் எந்திரத்துக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை ஒன்று இருக்கும். கை உள்ளே போனால் எந்திரம் நின்றுவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் தூசு பட்டாலும் நிற்கும், எண்ணெய்ப் புகை பட்டாலும் நிற்கும். மறுபடி ஓட்ட ஐந்து நிமிடம் ஆகும். அதனால் இந்தப் பகுதியில் பலரும் செய்வதை நானும் செய்தேன். நான்கு அங்குல ஒயர் ஒன்றை வெட்டி, சென்சாரை விட்டுவிட்டு, குறுக்கே இணைத்துவிட வேண்டும். ஜம்பர் என்போம். அதற்குப் பிறகு எந்திரம் எப்போதும் உள்ளே கை இல்லை என்றே நம்பிக்கொண்டிருக்கும். ஆடிட் வரும் நாளில் எடுத்துவிட்டு மறுநாள் போட்டுக்கொள்வோம். லைன் நிற்கக் கூடாது. அங்கே முதலில் கற்றுக்கொள்வது அதைத்தான்.

என் ஷிப்டில் நிறுத்தங்கள் குறைந்தன. பதவி உயர்வு வந்தது. அந்த ஆண்டு இசக்கிதுரை என்ற தென்காசிக்காரருக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போயின. பணியாளரின் கவனக்குறைவு என்று அறிக்கை எழுதினேன். அவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு இடது கையால் கையெழுத்துப் போட்டார். "எம் மேலதான் சார் தப்பு. தூக்கக் கலக்கத்துல இருந்துட்டேன்" என்றார். ஒரு மனிதர் தன்மேல்தான் தப்பு என்று எவ்வளவு சுலபமாக நம்பிவிடுகிறார் என்பதை அன்று கவனித்து வைத்துக்கொண்டேன்.

அந்த விபத்துக்குப் பிறகு பாதுகாப்புப் பிரிவுக்குப் புதிதாக வந்தவள் சண்முகப்ரியா. காஞ்சிபுரத்துக்காரி. லைன் முழுக்க நடந்து ஜம்பர்களைப் பிடுங்கி, ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து, என் மேஜையில் கொட்டினாள்.

"இந்தாங்க சார், உங்க தோட்டத்துல வெளஞ்சது. பதினொண்ணு. எண்ணிக்கோங்க."

அடுத்த வாரம் நான் புதிதாகப் போட்டேன். அவள் மறுபடி பிடுங்கினாள். அப்படித்தான் பழக்கமானது. கல்யாணத்துக்கு முன்பு அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. இனி ஜம்பர் போடக் கூடாது. சத்தியம் செய்து கொடுத்தேன். ஆறு ஆண்டுகள் காப்பாற்றவும் செய்தேன். அதை யாரும் என் கணக்கில் சேர்க்கப் போவதில்லை.

பிறகு ஒரு பேட்டரி நிறுவனத்தில் விற்பனைப் பிரிவு. அங்கிருந்து இந்தத் தொடர். ஒரகடத்தைச் சுற்றி மின்சார வண்டி செய்யும் நிறுவனங்கள் இத்தனை இருக்க, அவற்றைக் காட்டிக்கொள்ள ஒரு களம் இல்லை என்று சொன்னது நான்தான். முப்பத்து மூன்று வயதில் தலைமைப் பொறுப்பு. பாதுகாப்புத் தலைவராக ப்ரியாவை அழைத்தேன். மனைவி என்பதற்காக இல்லை. அவள் அளவுக்குத் தெரிந்தவர்கள் இல்லை.

எங்கள் வண்டிகளில் ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் ஒரு விளக்கு உண்டு. பச்சை எரிந்தால் வண்டியைத் தொடலாம். சிவப்பு எரிந்தால் பேட்டரியின் மின்சாரம் வண்டியின் உடம்புக்குக் கசிந்திருக்கலாம். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு ஆபத்து இல்லை. தரையில் நின்றுகொண்டு தொடுபவருக்குத்தான் ஆபத்து. தடித்த ரப்பர் கையுறை போட்ட குழு வந்து பேட்டரியைத் துண்டிக்கும் வரை போட்டி நிற்கும். குறைந்தது இருபத்தைந்து நிமிடம்.

முதல் இரண்டு சுற்றுகளில் ஏழு முறை சிவப்பு எரிந்தது. மழைக்காலம், காற்றெல்லாம் ஈரம். ஏழு முறையும் வண்டியைப் பிரித்துச் சோதித்தோம். ஆறு முறை கசிவு இல்லை.

பார்க்க வந்தவர்கள் எழுந்து போனார்கள். ஒளிபரப்பில் ஒரே விளம்பரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். எங்கள் முதன்மை விளம்பரதாரர் எழுதிய மின்னஞ்சல் இரண்டு வரிதான். இன்னொரு முறை நின்றால் விலகிக்கொள்கிறோம். அவர்கள் விலகினால் தொடர் முடிந்தது. என் பெயரும் அதோடு முடிந்தது.

வீட்டில் பேசிப் பார்த்தேன்.

"வெளக்கு கொஞ்சம் ஓவரா பயப்படுது" என்றேன்.

"பயப்படறதுக்குத்தான் அத அங்க வெச்சிருக்கோம்" என்றாள். "பேர்லயே சூரியன வெச்சிகினு நீ மழைய பாத்து நடுங்கற பாரு, அதான் தாங்கல."

"ஏழுல ஆறு பொய், ப்ரியா."

"அப்போ ஒண்ணு நெசம்தானே? பிப்ரவரிக்குத் தள்ளி வை. காயட்டும்."

பிப்ரவரி வரை விளம்பரதாரர் இருக்க மாட்டார். அதை அவளுக்கு விளக்கவில்லை. பேச்சை அங்கேயே விட்டுவிட்டேன்.

மூன்றாம் சுற்று நவம்பரில். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, அய்யாத்துரையை அழைத்துக்கொண்டு வண்டிகள் நிற்கும் கொட்டகைக்குப் போனேன். பழைய தொழிற்சாலையில் என்னிடம் ஃபிட்டராக இருந்தவர். நான்தான் இங்கே கூட்டி வந்தேன். நான்கு அங்குல ஒயர், பன்னிரண்டு துண்டுகள். அவருக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எல்லா விளக்குகளும் இனிப் பச்சை மட்டும்தான் எரியும்.

"மேடத்துக்குத் தெரியுமா சார்? அவிய கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"நான் சொல்லிக்கிறேன்."

"சொல்லிருங்க சார். மறந்துராதிய."

மறக்கவில்லை. மறுநாள் காலை காரில் போகும்போது சொல்லலாம் என்று இருந்தேன். அவள் சீட்டைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு வந்தாள். இரண்டு வாரமாக அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை. எழுப்ப மனம் வரவில்லை. அதை அன்பு என்றுதான் நான் இன்றும் வைத்திருக்கிறேன்.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்குத் தூறல். கட்டுப்பாட்டு அறையில் பெரிய திரை. அதன் ஓரத்தில் 'நிறுத்தங்கள்: 0' என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லியிருந்தேன். பக்கத்து அறையில் விளம்பரதாரரின் ஆட்கள் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டு அதைப் பார்த்தார்கள். அன்றைய ஓட்டத்தின் இருபத்தோராவது லேப்பில் பிரவீனா என்ற ஓட்டுநரின் வண்டி வளைவில் வழுக்கி டயர்ச் சுவரில் மோதியது. அந்த இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. பிரவீனாவுக்கு மணிக்கட்டு உடைந்துவிட்டது. பெல்ட்டின் கொக்கியை அழுத்த முடியவில்லை. நெருப்பு இல்லை, புகை இல்லை. இருபத்தைந்து நிமிடம் வலியைப் பொறுத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தால் போதும். யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

ப்ரியாதான் முதலில் போய்ச் சேர்ந்தாள். மற்றது உங்கள் அறிக்கையில் இருக்கிறது. தேங்கிய தண்ணீரில் முழங்காலிட்டு, உள்ளே கையை நீட்டினாள். முன்பு ஏழில் ஒன்று கசிந்ததைப் போல இதுவும் நிஜமாகவே கசிந்திருந்தது.

ஆம்புலன்ஸ் கதவு மூடியபோது நான் அதற்குள் இல்லை. பேட்டரியைத் துண்டித்து, தார்ப்பாய் போட்டு மூடியிருந்த வண்டிக்குள் கையை விட்டு ஒயரை எடுத்துக்கொண்டிருந்தேன். கையுறை போட்டிருந்தேன். மற்ற பதினொன்றையும் மாலைக்குள் அய்யாத்துரை எடுத்துக் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றே ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. போன் செய்தால் எடுப்பதும் இல்லை.

பாதுகாப்புத் தலைவரே கையுறை அணியாமல் அவசரப்பட்டதுதான் காரணம் என்று முடித்தீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. கையில் இருந்ததை வைத்து எழுதினீர்கள்.

போன வாரம் என் மாமியார் காந்திமதி காஞ்சிபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்தார். அறிக்கையை யாரோ அவருக்குப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றார்.

"அவ சின்னதுலேந்தே அவசரக்குடுக்க, மாப்ள. ஒரு க்ளவுஸு போட்டுக்கினு போவ முடியல அவளுக்கு. பெரிய எடத்துல கீறீங்க, உங்களுக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டுப் பூட்டா. மனசுல வெச்சிக்காதீங்க."

மகளுக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்க வந்திருந்தார். உட்கார வைத்து, காபி போட்டுக் கொடுத்தேன். "பரவால்ல அத்தை" என்றேன்.

அதனால்தான் இது. மனம் கனக்கிறது என்பதால் இல்லை. கனத்தால் நன்றாக இருக்கும். எழுதுவதால் ஏதும் ஆகிவிடும் என்ற எண்ணமும் இல்லை. ஒயர்கள் இல்லை, அய்யாத்துரை வாய் திறக்க மாட்டார், முடிந்த விசாரணைக் கோப்பை மறுபடி திறப்பது உங்களுக்கு எவ்வளவு தொல்லை என்பதும் தெரியும். விளம்பரதாரர் விலகவில்லை. அனுதாபம் என்று சொல்லி இன்னும் மூன்று ஆண்டுகளுக்குக் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த சீசன் ஜூலையில். புதிய ஃபிட்டரிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

அவள் பெயரில் ஒரு பாதுகாப்பு விருதும் அறிவித்திருக்கிறோம். கேடயத்தில் அவள் கடைசியாகச் சொன்னது என்று ஒரு வரி பொறித்திருக்கிறது: 'முதல்ல அந்தப் பொண்ண பாருங்க.' இரங்கல் கூட்டத்தில் நான் சொன்னது அது. கேட்டவர்கள் அழுதார்கள். அவள் சொல்லக்கூடிய வார்த்தைதான். ஆனால் சொல்லவில்லை.

எங்கள் இருவருக்கும் வாக்கி-டாக்கியில் தனி அலைவரிசை இருந்தது. கோளாறு பற்றிய பேச்சு அணிகளின் காதில் விழக் கூடாது என்று நான் செய்த ஏற்பாடு. அதில் எதுவும் பதிவாகாது. வண்டிக்கு அருகில் போனவுடன் அவள் என்னை அழைத்தாள். அப்போது கையுறை அணிந்திருந்தாள்.

"உதய், இந்தக் கொக்கி ரொம்பச் சின்னது, க்ளவுஸுல புடிக்க வரல" என்றாள். "பச்சைதான் எரியுது. ஆனா இவ்ளோ தண்ணி நிக்குது, ஒரு தடவகூட சிவப்பு வரலயே. இன்னா, நம்பலாமா? சொல்லு, நிக்கறேன்."

நின்றாள். பத்து விநாடி இருக்கும். கட்டுப்பாட்டு அறை ஜன்னல் வழியாக அவள் முதுகு தெரிந்தது. விளம்பரதாரருக்காக என்று இதுவரை எழுதியிருக்கிறேன். அந்தப் பத்து விநாடியில் அவர்கள் நினைவே எனக்கு வரவில்லை. நம்பாதே என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். சத்தியத்தை மீறியது தெரிந்துவிடும். அன்று மாலை அவளோடு ஒரே காரில் வீடு திரும்ப வேண்டும். என் மனதில் ஓடியது அவ்வளவுதான்.

"வெளக்கு சரியாத்தான் இருக்கு. நம்பலாம்" என்றேன்.

"செரி" என்றாள். "அப்போ க்ளவுஸ கழட்டிடறேன்."