கழலாத இடது பெடல்

கமருதீன்: பெடலச் சுத்தி விடு... இன்னும் வேகமா. காதைக் கிட்ட வச்சுக் கேளு. கரகரன்னு வருதா?

சுகன்யா: வரலண்ணே.

கமருதீன்: ஆட்டம்?

சுகன்யா: வலதுல நூலளவு. இடதுல அதுவும் இல்ல.

கமருதீன்: பாத்தியா! நாலு மாசம். குரங்கணிச் சகதி, போடிமெட்டு மழை, கல்லு, முள்ளு... எல்லாம் தின்னுட்டு உக்காந்திருக்கு. பாதி விலைப் பெடலாம். சொன்னா எவன் நம்புவான்?

சுகன்யா: பெயிண்டு பூரா போயிருச்சுண்ணே.

கமருதீன்: பெயிண்டு போனா என்ன, கல்யாணத்துக்கா கூட்டிட்டுப் போகப் போற? போன மாசம் மதுரையில இருந்து ஒரு டாக்டரு வந்தாரே... அவரு போட்டிருந்தது இதவிட நாலு மடங்கு விலை. என்ன வித்தியாசம் பாத்த?

சுகன்யா: எடை கம்மி. சகதியில மிதிச்சாலும் ஷூ அடியில இருக்கற இரும்பு டக்குனு பெடல்ல மாட்டுது. நம்மளது ரெண்டு தட்டு தட்டி மண்ண உதுத்துட்டுத்தான் மாட்டணும்.

கமருதீன்: மாட்டுனா?

சுகன்யா: மாட்டிட்டா அதுவும் ஒண்ணுதான், இதுவும் ஒண்ணுதான். ஷூவோட ஒட்டிப் பொறந்த மாதிரி... மேட்டுல காலத் தூக்கி இழுத்தா சைக்கிள் பறக்குது.

கமருதீன்: அப்ப ‘சரி’ன்னு சொல்லு ஆத்தா. ஞாயித்துக்கெழமை பன்னெண்டு பொண்ணுங்கள சைக்கிள்ல போடிமெட்டு மலைக்குக் கூட்டிட்டுப் போறவ நீ. நீ ஒரு வார்த்தை சொன்னா இன்னைக்கே பன்னெண்டு வண்டிக்கும் மாட்டிருவேன்.

சுகன்யா: ம்...

கமருதீன்: என்ன ‘ம்’? நாலு மாசம் ஓட்டிப் பாத்துட்டு ‘ம்’முன்னா என்ன அர்த்தம்?

சுகன்யா: ஒண்ணுமில்லண்ணே. டீ சொல்லுங்க.

கமருதீன்: சொல்றேன். மொதல்ல இதச் சொல்லு. இந்த ஹேண்டில் முனை ஏன் இப்படித் தேய்ஞ்சிருக்கு?

சுகன்யா: செவுத்துல சாச்சு வச்சேன்.

கமருதீன்: உங்க வீட்டுச் செவுத்துக்குத் தார் பூசியிருக்காங்களோ?

சுகன்யா: கேலி பண்ணாதீங்கண்ணே.

கமருதீன்: முழுக்கைச் சட்டை வேற. போடி வெயிலுக்கு! கையக் காட்டு.

சுகன்யா: விடுங்கண்ணே...

கமருதீன்: காட்டு தாயி. ...அடேயப்பா. முழங்கை பூரா உரிஞ்சிருக்கு. எங்க விழுந்த?

சுகன்யா: மேல. பதினோராவது வளைவு. புதன்கெழமை காலையில.

கமருதீன்: எப்படி?

சுகன்யா: வளைவுல முன்னாடி ஒரு மாடு. பிரேக்கப் புடிச்சேன். எப்பவும் போல இடது குதிகால வெளிய திருப்புனேன்... கழலல. இன்னொரு தடவ திருப்புனேன்... கழலல. அப்படியே மரம் சாஞ்ச மாதிரி சாஞ்சுட்டேன்.

கமருதீன்: பின்னால வண்டி?

சுகன்யா: ஏலக்காய்க் காட்டுக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப்பு. ஓட்டுனது வீரணன் அண்ணன்தான். பிரேக்கு போட்டாரு. என் தலைக்கும் டயருக்கும் நடுவுல ஒரு முழம் இருந்துச்சு. ஜீப்புல இருந்தவங்க எறங்கி வந்து ஷூவக் கழட்டித்தான் என்னைய வெளிய எடுத்தாங்க.

கமருதீன்: யா அல்லாஹ்... இத ரெண்டு நாளா ஏன் சொல்லல?

சுகன்யா: என்னன்னு சொல்ல? கீழ வந்து மாட்டிப் பாத்தேன். வெண்ணெய் மாதிரி கழலுது. இந்தா, இப்பயும் பாருங்க... டக். டக். பத்துத் தடவ மாட்டுனாலும் பத்துத் தடவயும் கழலுது.

கமருதீன்: ஷூ அடியில இருக்கற இரும்புத் துண்டு? ஸ்குரு லூசானா ஷூ மட்டும் திரும்பும், இரும்பு திரும்பாது. கழலாது.

சுகன்யா: பாத்துட்டேன். இறுக்கமாத்தான் இருக்கு.

கமருதீன்: மேல... குளிரா இருந்துச்சா?

சுகன்யா: போடிமெட்டுல காலையில ஆறு மணிக்குக் குளிராம? வெரலு வெறைச்சுப் போச்சு. ஏன் கேக்குறீங்க?

கமருதீன்: ...சும்மாதான்.

சுகன்யா: சும்மாவா?

கமருதீன்: மண்ணு அடைச்சிருக்கும். ஒரு சோலியும் இல்ல. கொண்டா, மண்ணெண்ணெய் போட்டுத் தொடச்சு விட்டுர்றேன். முடிஞ்சுது.

சுகன்யா: தொடச்சா என் பயம் போயிருமாண்ணே?

கமருதீன்: என்ன பயம்?

சுகன்யா: பெடலு நல்லாத்தானே இருக்கு? அப்ப தப்பு என் காலுலதான். மாட்டப் பாத்து மெரண்டு போயி, திருப்ப வேண்டிய பக்கம் திருப்பாம விட்டிருப்பேன். அப்படிப்பட்டவ பின்னால பன்னெண்டு பேரு வரலாமா? ஞாயித்துக்கெழமைக்கு நம்ம கூடப் புதுசா ஓட்ட வந்திருக்கற கார்த்திய போகச் சொல்லிட்டேன்.

கமருதீன்: என்னது! ஏ... ஏ... நில்லு. அவன் நேத்து வந்தவன். வளைவுல எந்தப் பக்கம் கல்லு உருளும்னுகூட அவனுக்குத் தெரியாது.

சுகன்யா: அவனுக்குக் காலு கழலுமே.

கமருதீன்: உனக்கும் கழலும்! ...இரு. இங்கயே இரு. பக்கத்து ஜூஸ் கடை வரைக்கும் போயிட்டு வர்றேன்.

சுகன்யா: டீ போதும்ணே, ஜூஸெல்லாம் வேணாம்.

கமருதீன்: உனக்கில்ல... இந்தா, ஐஸு வாங்கிட்டு வந்துட்டேன். அந்தத் துணிய எடு. ஐஸ அதுல சுத்து.

சுகன்யா: கைக்கா?

கமருதீன்: பெடலுக்கு. இடது பெடலுக்கு.

சுகன்யா: பெடலுக்கு என்னண்ணே, காய்ச்சலா?

கமருதீன்: சிரிக்காத. பத்து நிமிசம் கட்டி வைப்போம். அதுக்குள்ள அந்த டீயக் குடி.

சுகன்யா: ஐஸு உருகி உங்க வேட்டி நனையுது பாருங்க.

கமருதீன்: நனையட்டும். ...ம், போதும். எடு. ஷூவ மாட்டு. வண்டி ஸ்டாண்டுலதான் நிக்குது, ஏறி உக்காரு. நான் புடிச்சுக்கறேன். இப்பத் திருப்பு.

சுகன்யா: ம்ம்... வரல. அண்ணே, வரலண்ணே!

கமருதீன்: நல்லாத் திருப்பு.

சுகன்யா: ம்ஹூம். அன்னைக்கு இருந்த அதே இறுக்கம்.

கமருதீன்: மாடு நிக்குதா இங்க? மெரண்டியா?

சுகன்யா: இல்ல...

கமருதீன்: அப்ப உன் காலு இல்ல. குளிர்ல இது இறுகுது, அவ்வளவுதான். கார்த்திகிட்ட வேணாம்னு சொல்லிரு.

சுகன்யா: அப்ப பெடலுதான் மட்டம். மலைக்கு ஆகாது. பன்னெண்டையும் திருப்பி அனுப்பிருங்க.

கமருதீன்: அது... ம். விலை கம்மின்னா அப்படித்தான்...

சுகன்யா: வலதுக்கும் ஐஸ் வைங்க.

கமருதீன்: அது எதுக்கு?

சுகன்யா: ரெண்டும் ஒரே டப்பாவுல வந்ததுதானே. வச்சுப் பாப்போம்.

கமருதீன்: ஐஸு தீந்துபோச்சு.

சுகன்யா: பாதி இருக்கு. நானே கட்டுறேன்.

கமருதீன்: வீண் வேலை தாயி. கடைக்கு ஆளு வர்ற நேரம்.

சுகன்யா: வரட்டுமே. பத்து நிமிசம்தானே.

கமருதீன்: சரி, மணியப் பாரு. ஆச்சா?

சுகன்யா: ஆச்சு. மாட்டுறேன்... டக். கழண்டுருச்சு. இன்னொரு தடவ... டக். வலது தங்கம்.

கமருதீன்: ம்.

சுகன்யா: அப்ப என் காலும் இல்ல, பெடலும் இல்ல. எனக்கு என்ன தெரியும், நீங்கதான் மெக்கானிக்கு. வேற என்னவா இருக்கும்ணே?

கமருதீன்: இந்தா, இந்த ஈரத் துணியக் காயப் போட்டுட்டு வர்றேன்.

சுகன்யா: சரி விடுங்க. நான் கெளம்புறேன்.

கமருதீன்: சுகன்யா... இரு. செவ்வாக்கெழமை இடது பெடலு கீச்சு கீச்சுங்குதுன்னு வந்து நின்னியே, வெரசா வேணும்னு... கடையில ஆயில் டப்பா காலி. அஞ்சு நிமிச வேலைதானேன்னு வீட்டுக்குள்ள போயி என் சம்சாரம் மெஹ்ராஜோட தேங்கா எண்ணெய எடுத்து ஸ்பிரிங்குல விட்டுட்டேன். இந்த ஊரு வெயிலுக்கு அது ஒறையவே ஒறையாது. மேல காலையில மெழுகு மாதிரி ஒறையும்னு புத்தியில படல. மண்ணும் சேந்து கெட்டியாப் புடிச்சிருச்சு. நீ குளிருன்னு சொன்னதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு... தெரிஞ்சும் தொடச்சு மறைக்கத்தான் பாத்தேன். முப்பது வருசமாக் கடை வச்சிருக்கவன் தேங்கா எண்ணெய ஊத்துனான்னு ஊரு சிரிக்குமேன்னு... பெடலு நல்ல பெடலு. நீ நல்லா ஓட்டுற புள்ள. தப்பு என் கையில.

சுகன்யா: கார்த்திகிட்ட நான் ஒரு வார்த்த பேசலண்ணே. அன்னைக்கு ரோட்டோரத்துல உக்காந்தே பெடலப் பாத்துட்டேன். ஸ்பிரிங்கு பூரா வெள்ளையா ஒறைஞ்சு கெடந்துச்சு. மோந்தேன், தேங்கா எண்ணெ வாசம்! நான் ஒண்ணும் ஊத்தல, அப்ப யாரு ஊத்துனாங்கன்னு தெரியாதா? பன்னெண்டு பொண்ணுங்களுக்கு வண்டி பூட்டித் தர்ற ஆளு, தப்பு நடந்தா வாயத் தொறப்பாரா மாட்டாரான்னு தெரியாம நான் எப்படி மலையேத்துவேன்? அதப் பாக்கத்தான் வந்தேன்... மாட்டுங்கண்ணே, பன்னெண்டையும்.