முக்கோணச் சூடு

எனக்குக் கசங்கிய சட்டை ஆகாது. யோசித்துப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் மூலம் அதுதான்.

நான் குழந்தைகள் மனநல ஆலோசகன். முன்முடிவு இல்லாமல் கேள்வி கேட்பது எப்படி என்று ஊருக்கே வகுப்பு எடுப்பவன். ஒரு மாலை, என் வீட்டிலேயே இருக்கும் என் தங்கை தன் மகளின் கையில் முக்கோணமாக ஒரு சூட்டுக் காயத்தைப் பார்த்தாள். "அண்ணா, காப்பகத்துல யாரோ என்னமோ பண்ணியிருக்காங்க" என்று அழுதாள். அழுகிறவளை மறுத்துப் பேசுவது என் தொழில் தர்மம் அல்ல.

குழந்தைகளைப் பகலில் விட்டுச் செல்லும் அந்தக் காப்பகத்து ஆயா வேற்று மொழிக்காரி. அவள் பாடும் தாலாட்டு இரண்டே நாளில் ஊர் வாயில் பேயைக் கூப்பிடும் மந்திரமாகிவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா? ஒரு தகப்பனார், மகன் வரைந்த படத்தில் முக்கோணம் இருப்பதாக அலறியடித்துக்கொண்டு வந்தார். வீட்டுக் கூரைதான். அதையும் போலீஸார் சாட்சியமாக வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

குழந்தைகளை நான்தான் விசாரித்தேன். என் முறை எளிது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் கொடுப்பேன்.

"ஆயா பேயக் கூப்பிட்டப்ப கறுப்புத் துணி கட்டியிருந்தாங்களா, செவப்பா?"

"ஆயா தூங்க வெப்பாங்க."

"சரிடா கண்ணா. கறுப்பா, செவப்பா?"

பையன் பிஸ்கட் தட்டைப் பார்த்தான். "கறுப்பு."

ஆயா இப்போது சிறையில் இருக்கிறாள். தீர்ப்பில் பாரபட்சம் என்று சிலர் எழுதினார்கள். அதைப் பற்றிய விவாதத்துக்கும் என்னையே தலைமை தாங்க அழைத்தார்கள். பாரபட்சத்தை வன்மையாகக் கண்டித்தேன். நல்ல கைதட்டல்.

சரி, நீங்கள் காயத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அன்று காலை வகுப்புக்காகச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தேன். தங்கை வேலைக்குப் போய்விட்டாள். குழந்தை ஷூ மாட்ட மாட்டேன் என்று ஒரே வீறல். அவளுக்கும் சுதந்திரம் கொடுத்தேன்: வாயை மூடுகிறாயா, கையை நீட்டுகிறாயா? அவள் வாயை மூடவில்லை. இஸ்திரிப் பெட்டியின் நுனியை மட்டும்தான் வைத்தேன். பிறகு அவளுக்கு முழுக்கைச் சட்டை போட்டுக் காப்பகத்தில் விட்டேன். விசாரணையில் அவளையும் முறைப்படி கேட்டேன்: "ஒன்னச் சுட்டது ஆயாவா, பேயா?" ரொம்ப நேரம் என்னையே பார்த்துவிட்டு, ஆயா என்றாள்.

புண் ஆறிவிட்டது. பள்ளிக்கூடமும் போகிறாள். நான் அறைக்குள் வந்தால் மட்டும் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறாள். பாவம், அந்த ஆயா அவளை அவ்வளவு பயமுறுத்தி வைத்திருக்கிறாள்.