படம்: வெயிலுமுத்து

கடல் தண்ணீரைத் தகர டின்னில் எடுத்துவரக் கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் கடல்மீன் வளர்க்க ஆசைப்படுகிற எல்லாரும் அந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள். உப்பு தகரத்தை அரித்துவிடும். அந்தத் தண்ணீரில் பெரிய மீன் எப்படியோ பிழைத்துக்கொள்ளும், குஞ்சு பிழைக்காது. கண்ணாடி ஜாடிதான் சரி. நிறைந்த ஜாடியை பஸ்ஸில் ஏற்ற விடமாட்டார்கள். வொர்லிப் பாறையிலிருந்து மாட்டுங்கா வரைக்கும் தோளில் வைத்து நடக்க வேண்டும். பதினொரு மாதம் நடந்திருக்கிறேன்.

நீங்கள் கேட்டது வெங்கடராமன் சாரைப் பற்றி. வருகிறேன், அய்யா.

நான் மாட்டுங்காவில் ஒரு ஸ்டுடியோவில் படங்கள் கழுவிக்கொண்டிருந்தேன். தங்குவது தாராவியில், ஹனீப் பாயின் தோல் பட்டறைக்கு மேலே. சார் ஒரு பெரிய கம்பெனியில் ஆபீசர். படம் பிடிக்கிறவர்கள் சங்கம் ஒன்றில் உறுப்பினர். ஸ்டுடியோவுக்கு பிலிம் கழுவக் கொண்டுவருவார். ஒருநாள் என்னிடம், "ஏண்டா, நோக்குக் கை நடுங்காதோ?" என்று கேட்டார். நடுங்காது என்றேன். அவருக்கு நடுங்கும். அதனால்தான் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார்.

அவர் வீட்டில் இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. அதில் பாறை மீன்கள். பெட்டை காலிச் சங்குக்குள் முட்டை போட்டுவிட்டுப் போய்விடும். ஆண் மீன் வாசலில் காவலிருந்து, துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். ஒரு வாரத்தில் குஞ்சு பொரியும். அரிசிக் குருணையில் பாதிகூட இருக்காது. உடம்பு கண்ணாடி மாதிரி. இரண்டு கண்ணும் வயிற்றடியில் ஒரு மஞ்சள் பொட்டும்தான் தெரியும். அதைப் படம் எடுப்பதுதான் வேலை. கேமராவுக்கும் லென்சுக்கும் நடுவில் மூன்று குழாய்களைப் பூட்டி, தீப்பெட்டி அளவுள்ள ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் குஞ்சுகளை விட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒரு மயிரிழை முன்னால் நகர்ந்தாலும் குஞ்சு காணாமல் போய்விடும்.

தண்ணீர் கொண்டுவந்தது நான். கடலில் மல்மல் துணியால் வடிகட்டி இரை பிடித்தது நான். போகஸ் பார்த்தது, பொத்தானை அழுத்தியது, பிலிம் கழுவியது, எல்லாம் நான். சார் நாற்காலியில் உட்கார்ந்து, "இப்ப எடு, இப்ப எடு" என்பார். அவர் சொல்லும் நேரத்தில் நான் ஒருநாளும் எடுத்ததில்லை. அதனால்தான் படம் விழுந்தது.

ஒரே ஒரு விஷயத்தில் எங்களுக்குச் சண்டை. அவர் பின்னால் கறுப்புத் துணிதான் போட வேண்டும் என்பார். வெள்ளை போட்டால் கண் எடுப்பாகத் தெரியும் என்றேன். "தண்ணி தூக்கறவனுக்கு வெள்ளையும் கறுப்பும் என்னடா தெரியும்?" என்று சிரித்தார். அடுக்களையிலிருந்து அவர் மனைவி பார்வதியம்மாளும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் ஒரு அலுமினியக் குவளை உண்டு. அதைக் கழுவிக் கொல்லைப் படியில் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். அதற்கெல்லாம் நான் கோபப்பட்டதில்லை.

முதல் படங்கள் ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில் வந்தன. என் பெயரும் வரும் என்று சார் சொல்லியிருந்தார். நானும் நம்பி ஊரில் பேராச்சி அக்காவுக்கு எழுதிப் போட்டுவிட்டேன். அக்காவைக் கட்டிக்கொடுத்த வீட்டில் என்னை வைத்துத்தான் அவளைக் குத்திக்காட்டுவார்கள். 'ஒந் தம்பி பம்பாயில போயித் தண்ணி சொமக்கானாமே' என்று. அக்கா பதில் எழுதினாள்: 'ஒம் பேரு அச்சுல வந்த பொஸ்தவத்த ஒடனே அனுப்பு. இவுக மூஞ்சியில காட்டணும்.'

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஹனீப் பாய்தான் வாசித்தார். இரண்டு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒம் பேரு இல்லையே தம்பி," என்றார். "கடைசியில ஒரு எடத்துல, 'என் பானிவாலாவுக்கு நன்றி'ன்னு போட்டிருக்கான்."

"அது நாந்தான் பாய். தண்ணி கொண்டு வாரவன்."

"அப்ப வெயிலுமுத்துன்னு எழுத அவன் பேனாவுல மை தீந்து போச்சோ?"

சாரிடம் கேட்டேன். "அடுத்த தடவை போடறேன்டா, ஓடியா போறது?" என்றார். அடுத்த தடவை, சங்கத்தின் கண்காட்சி. நான் அக்காவுக்கு மறுபடி எழுதினேன். இப்போது நினைத்தால் அந்த இரண்டாவது கடிதத்தைத்தான் எழுதியிருக்கக் கூடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். முந்தின நாள் சாயங்காலம் பொரிந்த குஞ்சுகள் தொட்டியில் தூசு மாதிரி மிதந்தன. மேஜையில் கண்காட்சிப் படங்களின் கீழே ஒட்டும் பெயர் அட்டைகள் டைப் அடித்துத் தயாராக இருந்தன. மொத்தம் ஆறு அட்டை. இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாவிட்டாலும் சாரின் பெயர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆறிலும் அதுதான் இருந்தது. யோசித்துப் பாருங்கள், படமே இன்னும் எடுக்கவில்லை. குஞ்சு பொரியும் முன்பே பெயர் அடித்தாகிவிட்டது.

வேலையைத் தொடங்கினேன். இருபது குஞ்சுகளைச் சின்னப் பெட்டியில் விட்டு, போகஸ் வைத்தேன். கறுப்புத் துணியை இன்னும் மாட்டவில்லை.

இங்கே விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொட்டிக்கும் மேஜைக்கும் நடுவில் ஒரு பெரிய பல்பு தொங்கும், தகர மூடியோடு. சுவிட்சைத் தப்பான ஒயரில் போட்டிருந்தார்கள். விளக்கை அணைத்தாலும் ஒயரில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். உப்புக் காற்றில் ஒயர் அரித்து மூடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. மாற்றலாம் என்று மூன்று முறை சொன்னேன், கண்காட்சி முடியட்டும் என்றார். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். அவர் தண்ணீரில் கைவிடும் முன் கேட்பார், கதவுப் பக்கம் நிற்கிற நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பதில் சொல்வேன். திரும்பிப் பார்க்க மாட்டார். பதினொரு மாதத்தில் ஒரு தடவைகூட அவர் திரும்பிப் பார்த்ததில்லை.

அன்றைக்கும் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டார். "பிடுங்கிட்டியாடா?"

"பிடுங்கியாச்சு சார்."

ஒரு கையைத் தொட்டிக்குள் விட்டார். இன்னொரு கையால் விளக்கின் மூடியை நகர்த்தினார்.

சத்தம் பெரிதாக இல்லை. கை விடுபட்டு மேஜைமேல் கவிழ்ந்தார், சின்னப் பெட்டிக்குச் சரியாகப் பின்னால். நல்லவேளை, பெட்டி அசையவில்லை. நான் சுவிட்சைப் போட்டேன். பொரிந்த குஞ்சுக்கு வெளிச்சம் என்றால் உயிர். இருபதும் ஒன்றாகக் கண்ணாடி ஓரத்துக்கு வந்தன. குழாய் வழியாகப் பார்த்தேன். அவருடைய சட்டை சலவைக்குப் போய் வந்தது, நல்ல வெள்ளை. அதற்கு முன்னால் நாற்பது கண்களும் மை வைத்த மாதிரி நின்றன. நான் சொன்னது சரிதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

பிலிமில் பன்னிரண்டு பாக்கி இருந்தது.

உள்ளேயிருந்து பார்வதியம்மாள், "காபி கொண்டு வரட்டுமான்னு மாமாவக் கேளுடா," என்றார்கள்.

"கொஞ்சம் பொறுங்கம்மா. படம் எடுத்துக்கிட்டிருக்கோம். சார் அசையாம இருக்காக," என்றேன்.

அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கொஞ்சம் அசைந்தார். நாலாவது படத்தைப் பாருங்கள், பின்னணி லேசாகக் கலங்கியிருக்கும். அது என் கை நடுங்கியதால் அல்ல. சட்டை மூச்சில் ஏறி இறங்கியது. அப்போதே கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். இருக்கலாம். ஆனால் பின்னணி ஆடினால் படம் வீணாகிவிடும். அது அடங்கும்வரை காத்திருந்தேன். காத்திருப்பதுதான் இந்த வேலையில் முக்கியம். மிச்ச எட்டும் துல்லியமாக வந்திருக்கின்றன.

பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன்.

விபத்து என்றுதான் எழுதிக்கொண்டு போனீர்கள். மூன்று நாளாக யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. பின் ஏன் நானாக வந்தேன் என்று கேட்கிறீர்கள். மனசாட்சி என்று எழுதிக்கொள்ள விரும்பினால் எழுதிக்கொள்ளுங்கள். நேற்று சங்கத்துக்காரர்கள் அந்த பிலிமைக் கழுவிப் பார்த்துவிட்டு, 'வெங்கடராமன் கடைசியாக எடுத்த அற்புதப் படங்கள்' என்று சொல்லி, மாலை போட்டு மாட்டப் போகிறார்களாம். அவர் எடுத்ததாம். அந்த ஆறு அட்டையையும் அப்படியே ஒட்டப் போகிறார்களாம்.

அதை எப்படிப் பொறுத்துக்கொள்வது, அய்யா? படத்தில் பின்னால் வெள்ளையாகத் தெரிவதுதான் அவர். முன்னால் நின்று எடுத்தவன் நான். இதைச் சாட்சியோடு எழுதி, கோர்ட்டில் வாசித்து, பத்திரிகையில் வரும்படி செய்யுங்கள். எந்தப் பத்திரிகையானாலும் ஒரு பிரதியை அக்காவுக்கு அனுப்பிவிடுங்கள்.

பெயரை மட்டும் பிழையில்லாமல் போடச் சொல்லுங்கள்.