கிளிக்குச் சொல்லிக்கொடுத்தது

காலையில் டீ குடிக்கும்போது எனக்குக் கொஞ்சம் அமைதி வேண்டும், நம் ஃபிளாட் சங்கத்துச் செக்ரட்டரி சார். அதற்குமேல் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. ஆரியசாலையில் மிளகாய் மொத்தக் கடையில் நாள் முழுக்கத் தும்முகிற ஆள் நான்.

என் பால்கனிக்கும் எலிசாள் அக்கா பால்கனிக்கும் நடுவே வெறும் கம்பிதான். அதில் அக்காவின் வெளிநாட்டுச் சாம்பல் கிளி, கூண்டோடு தொங்குகிறது. நான் டம்ளரோடு வெளியே வந்தால் போதும், "ஸ்தோத்திரம்" என்று வரவேற்கும். நானோ பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு நெற்றி நிறையத் திருநீறோடு வருகிறவன். கிளிக்குக் கண் இல்லையா?

எனக்கு எந்த மதத்தின்மேலும் வெறுப்பில்லை. என்னுடையது உயர்ந்தது என்று தெரியும், அவ்வளவுதான். அதை யாரிடமும் சொல்லிக்காட்டியதில்லை. கிளியிடம் மட்டும் சொன்னேன்.

அக்கா வெளியே போகும் நேரமாகப் பார்த்து, கம்பியில் முகத்தை வைத்து, "கணபதியே சரணம்" என்று சொல்லிக்கொடுத்தேன். மந்தமான பறவை. பொறுமையாகத்தான் நடத்தினேன். மழைக்காலம் முடிவதற்குள் பழைய சொல் அதன் வாயிலிருந்து அடியோடு போய்விட்டது.

போன ஞாயிறு அக்கா வீட்டில் ஜெபக்கூட்டம். பாஸ்டர் வேதமாணிக்கம் கண்ணை மூடி "ஸ்தோத்திரம்" என்றார். கிளி "கணபதியே சரணம்" என்றது. பிறகு, அச்சு அசலாக என் குரலில், "சொல்லித் தொலை, சனியனே" என்றும் சேர்த்துக்கொண்டது. எல்லாரும் என் பால்கனிப் பக்கம் திரும்பினார்கள். உச்சரிப்பு சுத்தமாக இருந்ததில் எனக்குப் பெருமைதான்.

அக்கா சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். கம்பியருகே வந்து மெதுவாகத்தான் பேசினார்.

"தாணு, அது ஸ்தோத்திரம் சொன்னது எங்க பிரதீஷுக்க சத்தத்துலயாக்கும். குவைத்துக்குப் போறதுக்கு முன்ன அவன் படிப்பிச்சது. இனி நான் எங்க போய்க் கேப்பேன்?"

போனில் கேட்கலாமே என்றேன். மகன் கூப்பிடுவதில்லை என்றார்.

எனக்கும் வருத்தம்தான். ஆனால் பிரதீஷ் எங்கோ இருக்கிறான். என் குரல் பக்கத்து வீட்டிலேயே கிடைக்கிறதே.

என்மேல் வந்த புகாரில் 'கட்டாயம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். கிளி மனமுவந்துதான் மாறியது. ஒவ்வொரு முறை சரியாகச் சொன்னபோதும் ஒரு முந்திரிப்பருப்பு கொடுத்தேன். அக்கா வைத்துவிட்டுப் போகும் தினையை மட்டும் முன்கூட்டியே எடுத்து ஒளித்துவிடுவேன். சில நாள் சாயங்காலம்வரை அது ஒன்றும் தின்னாமல் கத்திக்கொண்டே இருந்தது உண்மைதான். அதைப் பட்டினி என்று எழுதாதீர்கள். அது விரதம்.