ஐந்து மணிக்குள் நிற்க வேண்டிய வலி

— அஞ்சு மணிக்குள்ள இவங்க வலி நின்னாகணும், டாக்டர்.

— ஏன் தம்பி, பல்லு அஞ்சு மணி வண்டியைப் பிடிக்கணுமா? நாற்காலியைச் சுத்திச் சுத்தி நடக்காம அந்த ஸ்டூல்ல உட்காருங்க. நோயாளி நீங்களா இவங்களான்னு எனக்கே குழம்புது. நீ சாஞ்சுக்கோ கண்ணு. எந்தப் பல்லு?

— இடது பக்கம் டாக்டர். மேல. இல்ல, கீழ. சில சமயம் காது வரைக்கும் போகும்.

— முந்தாநாள் வலது பக்கம்னு சொன்னீங்களே, மேடம்?

— அது... அன்னைக்கு வலது பக்கம், சார்.

— இரு, இரு. இந்தக் குரலை நான் கேட்டிருக்கேன். ஸ்டேஷன்ல மைக்ல பேசறது நீதானா? தினமும் ஏழே முக்கால் வண்டி தாமதம்னு சொல்லி என்கிட்ட திட்டு வாங்கறவ!

— வண்டி வரலைன்னா நான் என்ன பண்ணுவேன் டாக்டர்? சிக்னல் கேபின்ல உட்கார்ந்திருக்கிறவர் இவர்தான். இவரைத் திட்டுங்க.

— திட்டிட்டாப் போச்சு. இவர் உனக்கு என்ன வேணும்?

— கூட வேலை பார்க்கிறவர்.

— அதாவது டாக்டர், அதைத்தான் இன்னைக்கு முடிவு பண்ணணும். நாலு மாசம் முன்னாடி, கல்யாணம் பண்ணிக்கலாமான்னு இவங்களைக் கேட்டேன். 'பல்லு வலிக்குது சார், வலி நின்னதும் பதில் சொல்றேன்'னாங்க. சரின்னு இருந்தேன். போன மாசம் எனக்குப் பதவி உயர்வு வந்துச்சு, வேற ஊருக்கு. வேண்டாம்னா இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள ஆபீஸ்ல எழுதிக் குடுத்தாகணும். இவங்க சரின்னு சொன்னா எழுதிக் குடுத்துட்டு இங்கேயே இருந்துடுவேன். இல்லைன்னா... அதாவது, எல்லாம் இந்தப் பல்லுல நிக்குது.

— சார்! இதையெல்லாமா டாக்டர்கிட்ட சொல்லுவாங்க?

— சொல்லட்டும் கண்ணு. முப்பது வருஷத்துல இப்படி ஒரு பல்லு என் கைக்கு வந்ததில்ல. சரி, எப்படி ஆரம்பிச்சுது?

— முதல்ல பச்சைத் தண்ணி பட்டா சுரீர்னு இழுக்கும். உடனே போயிடும். அப்புறம் இழுத்தது போகாம அரை மணி நேரம் இருந்துச்சு. அப்புறம் சூடா டீ குடிச்சாலே உயிர் போச்சு. படுத்தா விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். ரெண்டு தலையணை வச்சு உட்கார்ந்த மாதிரியே தூங்கினேன்.

— மாத்திரை?

— முழுங்கினேன். ஒரு நாள் தாங்காம பல்லுப் பக்கத்துல ஈறுலயே வச்சு அழுத்திக்கிட்டேன்.

— ஈறு வெந்து போயிருக்குமே! மாத்திரை வயித்துக்குள்ள போற சாமான் கண்ணு, ஈறுல ஒட்டறதுக்கில்ல. முதல் நாள் சுரீர்னப்பவே வந்திருந்தா அந்தச் சின்னக் குழியை அடைச்சுக் கால் மணி நேரத்துல அனுப்பியிருப்பேன். நரம்பு வரைக்கும் அரிக்க விட்டுட்டு வந்து நிக்கிறே.

— ஆனா டாக்டர், இவங்களுக்கு மேலயா கீழயான்னே தெரியலையே, அது எப்படி?

— மேல் நரம்பும் கீழ் நரம்பும் ஒரே தண்டுல போய்ச் சேருது தம்பி. மூளைக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியாது.

— அதாவது, ரெண்டு லைனுக்கும் கேபின்ல ஒரே மணி. மணி அடிக்குது, வண்டி எந்த லைன்ல வருதுன்னு தெரியல.

— அப்படித்தான் வச்சுக்கோங்க. ஆனா இடது வலி வலது பக்கம் தாவாது. அது எனக்குமே புரியல. வாயைத் திற கண்ணு. முதல்ல ஒரு எக்ஸ்ரே... ஆச்சு. படம் வர்றதுக்குள்ள பனிக்கட்டி வச்சுப் பார்க்கிறேன். வலிச்சா சத்தம் போடு.

— ஆ!

— இன்னும் வைக்கவே இல்லையே.

— பயத்துல டாக்டர்.

— இப்போ?

— ஆ... ஆஆ!

— அது வெறும் பஞ்சு.

— மேடம், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. மணி நாலு அஞ்சு.

— தம்பி, நீங்க மணி சொல்லாம இருந்தா அதுவே பெரிய உதவி. கண்ணை மூடிக்கோ கண்ணு. இது?

— ஆ!

— இது?

— ஆ!

— சரி, போதும். எக்ஸ்ரே படமும் வந்துடுச்சு. இங்க பாருங்க தம்பி, கீழ்ப்பல்லு வேர் நுனியில கறுப்பா ஒரு நிழல். நரம்பு செத்துப்போயிருக்கு. ஒரு மாசமாவது ஆகியிருக்கும்.

— செத்த நரம்பு எப்படி டாக்டர் வலிக்கும்?

— ஐஸ் வச்சா வலிக்காது. பனிக்கட்டியைப் பக்கத்துப் பல்லுல வச்சப்ப இவ கால் விரல் மடங்குச்சு. இந்தப் பல்லுல வச்சப்ப வாய்தான் கத்துச்சு, கால் அசையல. வாய் பொய் சொல்லும், கால் விரல் சொல்லாது. என்ன கண்ணு, வலி எப்ப நின்னுச்சு?

— மேடம்?

— ஒரு மாசம் இருக்கும், சார்.

— நேத்துகூட வலிக்குதுன்னீங்களே! உப்புப் போட்டு வெந்நீர் கொண்டுவந்து குடுத்தேனே! எனக்கு ஒண்ணும் புரியல. வலி நின்னா நல்லதுதானே டாக்டர்? அதை ஏன் மறைக்கணும்?

— நல்லதில்ல தம்பி. வலி நின்னா குணமாயிடுச்சுன்னு நினைச்சுத்தான் பாதிப் பேர் தாடை வீங்கி வர்றாங்க. நரம்பு செத்தாலும் கிருமி சாகல, வேர் வழியா எலும்புக்குப் போயிட்டிருக்கு.

— அதாவது, மணியோட கம்பி அறுந்திருக்கு. வண்டி வந்துக்கிட்டுத்தான் இருக்கு.

— அதேதான். வேரைத் திறந்து, சுத்தம் பண்ணி, அடைச்சு, பல்லு மேல உறை மாதிரி ஒரு கேப் போடணும். ரெண்டு மூணு தடவை வரணும். பல்லு தப்பிச்சுடும். மத்த பல்லுக்கு மிருதுவான பிரஷ், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை என் மூஞ்சி. அவ்வளவுதான்.

— பல்லு தப்பிச்சுது, சந்தோஷம். மேடம், எனக்கு இப்பத்தான் புரியுது. முகத்துக்கு நேரா வேண்டாம்னு சொல்லச் சங்கடப்பட்டு ஒரு மாசமா வலிக்கிற மாதிரி இருந்திருக்கீங்க. நான்தான் மடையன், ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சிருக்கேன். வர்றேன் டாக்டர்.

— உட்காருங்க சார். ஆபீஸ்ல எழுதிக் குடுக்கப் போறீங்களா?

— இனிமே எதுக்கு? அந்த ஊருக்கே போறேன்.

— ஆமா, போங்க. எழுதிக் குடுக்காதீங்க. அதான் எனக்கு வேணும்.

— அடிப்பாவி! ஒரு மாசம் வெந்நீர் கொண்டுவந்த மனுஷனை இப்படியா விரட்டுவே? எனக்கே நெஞ்சு வலிக்குது.

— விரட்டலை டாக்டர். சரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே இவர் பதவி உயர்வை வேண்டாம்னு எழுதிக் குடுத்திருப்பாரு.

— அப்போ... அதாவது... மேடம், நீங்க சொல்றது சரியா, இல்லையா?

— அந்த ஊருக்கே எனக்கும் மாற்றல் கேட்டு எழுதிப் போட்டு ஒரு மாசம் ஆச்சு, சார்; உத்தரவு வர்ற வரைக்கும் எந்தப் பல்லாவது வலிச்சுத்தானே ஆகணும்?